கண்மாய்க்கரையில் குடியிருப்பவர்களுக்கு

புரட்டாசி பிறந்து, அடைமழைக்கு முன் வெயில் காயும் நாட்களில், வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஜேசிபிக்கு வேலை கூடிவிடும். கண்மாயை ஒட்டியோ வைப்பாற்றை ஒட்டியோ வீடு வைத்திருப்பவர்கள் வண்டியை மணிக்கணக்கில் வாடகைக்குப் பேசி, கொல்லையிலிருந்து தண்ணீர் நிற்கும் இடம்வரை வழித்து எடுத்துவிடுகிறார்கள். பாம்பு வருகிறது, பன்றி அடைகிறது, பிள்ளைகள் புழங்கும் இடம் என்று காரணம் சொல்கிறார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் வழித்த மண்ணோடு என்னென்ன போனது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் வட்டாரத்துக்கு என்றே ஒரு பழக்கம் இருக்கிறது. பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அறையைச் சுற்றிக் காய்ந்த புல் ஒரு கை அளவுகூட இருக்கக் கூடாது. அங்கே தரை வெறுமையாக இருந்தால்தான் உயிர் தப்பும். அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்து கண்மாய்க்கரையைப் பார்த்தால், அங்கே முளைத்திருப்பதெல்லாம் குப்பையாகத்தான் தெரியும். ஆலை வளாகத்துக்கான அந்த விதியை நீரோரத்துக்குக் கொண்டுவந்தால் மழைக்காலத்தில் கரை பதில் சொல்லிவிடும். வெறும் மண்கரையில் அலை மோதினால் மண் கரையும். மேலிருந்து வழியும் மழைத்தண்ணீர் ஓடை ஓடையாய் அறுக்கும். அறுபட்ட மண்ணெல்லாம் கண்மாய்க்குள் போய் வண்டலாகப் படியும். கரையும் மெலிகிறது, கொள்ளளவும் குறைகிறது.

கரையில் நிற்பவற்றில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பனை. வளர்ந்த பனையை யாரும் தவறவிட மாட்டார்கள். இழப்பெல்லாம் சின்னதில்தான். பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேலே வருவதில்லை, தண்டு போல ஒன்றைக் கீழே இறக்கி, மண்ணுக்குள் கிழங்கு வைத்த பிறகுதான் ஓர் இலையை வெளியே நீட்டும். அந்த இலை விசிறி போல இருக்காது. மடிப்பு மடிப்பாய், நாடா போல, தடித்த புல்லென்று நினைக்கும்படி இருக்கும். முதல் இரண்டொரு ஆண்டுகள் அப்படியே நிற்கும். வடலி என்று அடையாளம் தெரிவதற்குள் வண்டியின் வாளி அதை அள்ளிப் போய்விடுகிறது. பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். ஒரு மணி நேரத்து ஜேசிபி வாடகைக்கு நாம் அத்தனை வருடத்தைச் சேர்த்து விற்றுவிடுகிறோம். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பொறுப்பதில்லை.

பனைக்கு ஆணிவேர் கிடையாது. நார் நாராய், கயிறு கயிறாய்ப் பிரிந்து இறங்கும் சல்லிவேர்கள்தான். கரையைப் பிளக்காமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முன்னோர் கண்மாய்க்கரைகளில் வரிசையாகப் பனை விதைத்தார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. வேரோடு சாய்த்து விற்பதையும் செங்கல் சூளைக்கு அனுப்புவதையும் தடுக்கத்தான் அந்த அறிவிப்பு. உங்கள் பட்டா நிலத்தில் நிற்கும் பனையாக இருந்தாலும், வீட்டுக்கு மேல் சாயும் நிலையில் இருந்தால், முதலில் மனு எழுதுங்கள். காய்ந்த ஓலையையும் பன்னாடையையும் கழித்துவிடுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. கழித்ததை மரத்தடியில் குவித்துத் தீ வைக்காதீர்கள். நம் பக்கத்தில் காற்றில் பறக்கும் ஒரு பொறி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது நாணலும் கோரையும். தண்ணீரும் மண்ணும் சேரும் இடத்தில் இவை நின்றால் அலையின் வேகம் அங்கேயே தணிந்துவிடும். வீட்டுப் புழக்கத் தண்ணீரில் வரும் அழுக்கும் ஓரளவு அங்கேயே தங்கும். தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கூடு வைப்பது இதற்குள்தான். பாம்புக்குப் பயந்தால், நடக்கும் பாதைக்கும் படித்துறைக்கும் வேண்டிய அகலத்தை மட்டும் அரிவாளால் அறுத்துக்கொள்ளுங்கள். வேரோடு பிடுங்க வேண்டியதில்லை.

சீமைக்கருவேலத்துக்கு நான் பரிந்து பேச வரவில்லை. 1870-களில் ஜமைக்காவிலிருந்து விதை வந்த மரம் அது. இன்று நம் கண்மாய்களின் உள்வாயையே மறைத்து நிற்கிறது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக வண்டிகள் இறங்கின. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் நம் மாவட்டத்தில் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அகற்றுவது சரி, எப்படி அகற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்த்து, முன்னைவிட அடர்த்தியாக வரும். தரைக்குக் கீழே, வேர் பிரியும் கழுத்துவரை தோண்டி எடுக்க வேண்டும். கரையின் மேல் நிற்பதை அப்படி இழுத்தால் கரை மண் பொதபொதத்துப் போகும். தோண்டிய குழியை அன்றைக்கே மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குழிதான் ஐப்பசியில் உடைப்பாக மாறும். ஆடு மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும் என்பதால், காய் பழுக்கும் முன்பே வெட்டுவது நல்லது.

நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னொரு தொல்லை. வெட்டிய குச்சியை ஈரமண்ணில் போட்டால் அங்கேயே வேர் விடும். அள்ளிக் கட்டாந்தரையில் பரப்பி, சருகாகும்வரை காயவிட வேண்டும்.

பிடுங்கிய இடத்தில் உடனே எதையாவது நட வேண்டும், வெறும் மண்ணாக விடக் கூடாது. பனங்கொட்டையை ஆவணி, புரட்டாசியில் பத்தடிக்கு ஒன்றாகக் கரையின் வெளிச்சரிவு அடியில் புதைத்தால் மழையே பார்த்துக்கொள்ளும். மடைக்கும் கலுங்குக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம். சரிவில் வெட்டிவேர் வரிசையாக நடலாம். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழிறங்கும், ஓர் ஆளுயரத்துக்கும் மேலே போகும். தென்னிந்திய வெட்டிவேர் வகைதான் மண் அரிப்பைத் தடுக்க இன்று பல நாடுகளில் நடப்படுகிறது. நொச்சியும் நல்ல தேர்வு, ஆடு அதைத் தொடாது.

நீரோர மரங்களைப் பராமரிப்பது பற்றி இன்னொரு நாட்டுச் செய்தி. அமெரிக்காவின் புளோரிடாவில் நீரோர வீடுகளுக்கு முன்னால் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. 1996-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பத்தடிக்கு மேல் போகாத மரத்தை வீட்டுக்காரரே கத்தரிக்கலாம், ஆனால் ஆறடிக்குக் கீழே குறைக்கக் கூடாது. வேரைத் தொடக் கூடாது, மருந்தடித்து இலை உதிர்க்கவும் கூடாது. எது முடியும், எது முடியாது என்று அடிக்கணக்கில் சொல்லியிருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நம்முடைய 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. கரையோரம் முறையாகக் குடியிருப்பவர் எந்தச் செடியை எப்படிப் பராமரிக்கலாம் என்று இரண்டு பக்கத்தில், எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் நிலத்தின் புலப்படத்தைக் கேட்டுப் பாருங்கள், இணையத்திலும் எடுக்கலாம். உங்கள் பட்டா எங்கே முடிகிறது, கண்மாய்ப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்று கல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லுக்கு அப்பால் நிற்கும் மரம், சீமைக்கருவேலமாக இருந்தாலும், நாமாக வெட்டக் கூடாது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறையிடம், சிறியது என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். வண்டி வரும் நாளில் ஒருவர் முன்னால் நடந்து, வடலி தெரியும் இடத்திலெல்லாம் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். ஓட்டுநர் தம்பி பார்த்து ஒதுங்கிப் போவார்.