குடையை மடக்கத் தெரியாத இலை

ஆலங்குடிப் பக்கம் வம்பனில் பயறு ஆராய்ச்சி மையம் இருப்பது புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். வம்பன் 8, வம்பன் 11 என்று உளுந்து விதை வாங்குகிறோமே, அந்த ஊர்தான்.

அந்த உளுந்து இலையை உச்சி வெயிலில் பாருங்கள். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டியதைவிட அதிக வெளிச்சம் விழும். மிச்சத்தை வெப்பமாக வெளியே தள்ளித் தன்னைக் காத்துக்கொள்ளும். குடை பிடிப்பது மாதிரி. சரி, மேகம் மறைக்கிறது. குடையை மடக்க வேண்டாமா? மடக்காது! பல நிமிஷம் பிடித்தபடியே நிற்கும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் வீண். வீட்டுக்குள் வந்த பிறகும் குடையோடு நிற்கிற மாமாவை நாம் சும்மா விடுவோமா?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 3 மரபணுக்களைக் கொண்டு அந்தக் குடையைச் சீக்கிரம் மடக்க வைத்தார்கள். 2016இல் புகையிலை, பிறகு உளுந்துக்கு உறவான சோயா. 2020 வயல் சோதனையில் விளைச்சல் 33 சதம் வரை கூடியது. அடுத்த ஆண்டு புயல் செடிகளைச் சாய்த்துவிட்டது, குறிப்பிடும்படி லாபமில்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான்: 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெற்றியோடு அதையும் சேர்த்தே எழுதினார்கள்.

இந்தச் சோயா மரபணு மாற்றப் பயிர். நம் நாட்டில் விவசாயிகள் கைக்கு முறையாக வந்திருக்கிற மரபணு மாற்றப் பயிர் இன்றுவரை பருத்தி ஒன்றுதான். வம்பன் 8, வம்பன் 11 இரண்டும் வழக்கமான ஒட்டுச் சேர்க்கையில் வந்தவை.