விளையாட யாருக்கு நேரம்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், 1989ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பழைய கதை பேசுவதுதான் வழக்கம். எங்கள் வகுப்பினருக்குத் தரப்பட்ட தலைப்போ, பிள்ளைகளும் வீடியோ கேம்களும். கேட்டவுடன் எங்களில் பாதிப்பேர் பெருமூச்சு விட்டோம். வீட்டில் அன்றாடம் நடக்கும் சண்டை அதுதான். ஆனால் கூடியிருந்து பேசியபோது, இதுவும் எங்கள் பழைய கதைதான் என்று விளங்கியது.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது விளையாட்டு என்றால் கெந்தி, தாயம், கரம். அம்மம்மாவிடம் பல்லாங்குழி இருந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களத் தோழியர் வீட்டுக்குப் போனால், அங்கே அதே போன்ற பலகையில் குன்றிமணி போட்டு விளையாடுவார்கள். சிங்களத்தில் குன்றிமணிக்கு ஒலிந்த என்று பெயர். விளையாட்டின் பெயரும் ஒலிந்த கெளிய.

1977இல் இறக்குமதிக் கதவுகள் திறந்தன. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவரின் பெட்டியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு கேம் எங்கள் வகுப்புக்கு வந்தது. ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1980 முதல் விற்ற கேம் அன்ட் வொச் அது. ஒரு கருவியில் ஒரு விளையாட்டு, கூடவே மணிக்கூடு. கணித பாடத்தில் மேசைகளுக்கு அடியால் கை மாறிக் கை மாறிப் போய், கடைசியில் ஆசிரியையின் கைக்குப் போனது. தவணை முடிவில்தான் திரும்பக் கிடைத்தது. இந்த மண்டபத்தில் அதற்கு இன்னும் இரண்டு பேர் உரிமை கோருகிறார்கள்!

சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: "நாம் எப்போது விளையாட்டை விட்டோம்?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பெரியபிள்ளை ஆனதும் பலருக்கு வலைப்பந்து நின்றது. பாடசாலை விட்டதும் நேரே வீடு. அண்ணன் தம்பிமார் ஒழுங்கையில் கிரிக்கெட் அடித்தார்கள். நாங்கள் ஜன்னலால் பார்த்தோம். தோட்டங்களிலிருந்து வந்த தோழியருக்கு ஜன்னலோரமும் இல்லை. தண்ணீரும் விறகும் தம்பி தங்கையும் அவர்களுக்காகக் காத்திருந்தன.

பிறகு இணையக் கடைகள் வந்தன. டியூசன் முடிந்த பையன்கள் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்துக் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடினார்கள். அந்தப் படிகளில் பெண்பிள்ளைகள் ஏறியதை நாங்கள் கண்டதில்லை.

நிலைமையை மாற்றியது போன்தான். 2006இல் டயலொக் நிறுவனம் 3ஜி சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் போனுக்கு வந்தது. கடன்பட்டாவது வீட்டுக்கு ஒரு போன் வாங்கினார்கள். பாடத்துக்கென்று வந்த போனில் ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் வந்து குடியேறின. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது, கணினியும் பிளேஸ்டேஷனும் இன்னும் எட்டாத பொருள்களாயின. நம்மைப் போன்ற நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு கைத்தொலைபேசி வழியாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த விளையாட்டுகளை இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. உள்ளே உடைக்கும் துப்பாக்கியின் நிறத்துக்கும் காசு. என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் பெட்டிக்கும் காசு. எங்களில் ஒருவர் வீட்டில் கணவரின் வங்கி அட்டை இலக்கத்தை மகன் பாடமாக்கியிருந்தான். மாத முடிவில்தான் தெரிந்தது. ஆகவே முதல் வேலை, அட்டையைப் போனிலிருந்து நீக்குங்கள்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். ஃப்ரீ ஃபயரில் 50 பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். ஓர் ஆட்டம் சுமார் 10 நிமிடம். பப்ஜியில் 100 பேர். அரை மணித்தியாலம் வரை போகும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. "சோறு ஆறுது, வா" என்றால் பிள்ளை வராததற்குக் காரணம் அடங்காமை மட்டுமல்ல. நடுவில் எழுந்தால் கூட்டாளிகள் தோற்பார்கள். "இந்த ஆட்டம் முடிய வா" என்று சொல்லிப் பாருங்கள்.

நோய் என்று சொல்லலாமா? உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. ஆனால் அதற்கு அளவுகோல் உண்டு. கட்டுப்பாடு கைவிட்டுப் போக வேண்டும்; மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாக வேண்டும்; கேடு வந்த பிறகும் தொடர வேண்டும்; அதுவும் பொதுவாக ஓராண்டாவது நீடிக்க வேண்டும். அப்படியென்றால் வைத்தியரிடம் போங்கள். பிந்தி நித்திரைக்குப் போகும் பிள்ளை எல்லாம் நோயாளி அல்ல. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

இறுதியாக ஒரு மகளின் கதை. அம்மா எங்கள் வகுப்புத் தோழி. மகள் மாதக்கணக்கில் ஆண் பெயர் வைத்து, மைக்கை மூடி விளையாடியிருக்கிறாள். ஒருநாள் மறந்து பேசிவிட்டாள். பெண் குரல் என்று தெரிந்ததும் வந்த வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது. அழுத மகளிடம் தோழி சொன்னாள்: "அந்தச் சனியனை விட்டிடு." மகள் கேட்டாளாம்: "ஏசினவன் விளையாடிக்கொண்டுதானே இருக்கிறான் அம்மா. நான் ஏன் விட வேணும்?"

இதை அவள் சொல்லி முடித்தபோது எங்களுக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது. நமக்கு ஒழுங்கையை மூடினார்கள். நாம் நம் பிள்ளைகளுக்குப் போனை மூடப் போகிறோமா?

அந்தத் தோழியும் மகளும் பிறகு சேர்ந்து உட்கார்ந்து, ஏசியவனை முறையிட்டுத் தடை செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். தெரியாதவர்களோடு குரல் வேண்டாம், பாடசாலைத் தோழியர் நால்வரோடு மட்டும் விளையாட்டு என்று ஒப்புக்கொண்டார்கள். இரவு ஒன்பதுக்குப் போன் அம்மாவின் மேசைக்கு வரும். அம்மாவின் போனும் அதே மேசையில்தான். இந்தக் கடைசி நிபந்தனை மகளுடையது.

சங்கத்திடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஆண்டுக்கு ஒரு மாலை, பழைய மாணவியரும் இன்றைய மாணவியரும் சேர்ந்து விளையாட இந்த மண்டபத்தைத் தாருங்கள். ஒரு மேசையில் கரம், ஒரு மேசையில் பல்லாங்குழி, ஒரு மேசையில் அவர்களுடைய போன். அவர்கள் நமக்குக் கற்றுத்தரட்டும். நாம் தோற்போம். பரவாயில்லை, விளையாடியே நாளாகிவிட்டது.