சபுராளியின் கூலியை யார் பேசுவது?



நெல்லைச் சீமையில் சபுராளி இல்லாத தெரு உண்டா? மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி, கடையநல்லூர் எங்கும் கேட்டுப் பாருங்கள். அன்று கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர். இன்று துபாய், ரியாத். ஊர்தான் மாறியது. நம் கூலியை நம்மைக் கேட்காமலே தீர்மானிப்பது மாறவில்லை.

அண்டை நாடுகள் கூடிப் பேசினால் நியாயம் தானாக வந்துவிடுமா? 1964-ஐ எண்ணிப் பாருங்கள். சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். நம் மாவட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். அந்தத் தொழிலாளியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை!

2003-இல் கொழும்பில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் உள்ளிட்ட ஆட்களை அனுப்பும் நாடுகள் கூடின. 'கொழும்புச் செயல்முறை' என்று அதற்குப் பெயர். நல்ல தொடக்கம்தான். ஆனால் அதன் முடிவுகள் எந்த அரசையும் கட்டுப்படுத்துவதில்லை. எனவே ஒரு நாடு கூலியை உயர்த்திக் கேட்டால், முதலாளி அடுத்த நாட்டு ஆளைத் தேடுகிறான். 2020 செப்டம்பரில் நம் மத்திய அரசே வளைகுடா வேலைக்கான குறைந்தபட்ச ஊதியத்தை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. வேலை கைநழுவக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான், 2021-இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. கேட்டவனுக்குத்தான் கிடைத்தது!

வங்கதேசத்துக்காரனும் நேபாளியும் நமக்குப் போட்டியாளர்கள் அல்லர். ஒரே அறையில் படுத்துறங்கும் தோழர்கள். எல்லா நாடுகளும் ஒரே அடிமட்டக் கூலியைக் கேட்டால், யாரைக் காட்டி யாரை மிரட்ட முடியும்? இந்தக் கோரிக்கையை நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இளைஞர்களே! அரசில் பதிவு பெற்ற ஏஜெண்டிடம் மட்டும் போங்கள். அவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். ரசீது கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு ஏறாதீர்கள்.

வணிகர்களே! கமிஷனுக்காக ஆள் பிடித்துக் கொடுக்காதீர்கள். உங்கள் கடைக்கு வரும் பிள்ளையின் ஒப்பந்தத்தை வாசித்து விளக்கிச் சொல்லுங்கள். அரசுகள் பேசட்டும், ஆனால் நம்மை வைத்துக்கொண்டு பேசட்டும்!