குற்றவாளிக் கூண்டில் யாரை நிறுத்துவது?

ஒரு முறை கரு கலைந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்கிறோம். மூன்றாம் முறையும் கலைந்தால் விசாரணை தொடங்கிவிடுகிறது: பப்பாளி தின்றாயா, மாடிப்படி ஏறினாயா? மருத்துவர்கள் தைராய்டு, சர்க்கரை, கருப்பை, குரோமோசோம் எல்லாம் பார்க்கிறார்கள்; பார்க்கத்தான் வேண்டும். அத்தனைக்குப் பிறகும் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் அகப்படுவதில்லை. அவள் எந்தப் புகையில் சமைக்கிறாள், எந்தப் பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆதாரம் எங்கே என்பார்கள். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்துத் தாய்மார் 34,197 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021 ஜனவரியில் லான்செட் குழும இதழில் வந்தது. வறுமையும் பரம்பரையும் ஆளுக்கு ஆள் வேறல்லவா என்று கேட்பவர்களுக்கு அந்த ஆய்வு நடந்த விதமே பதில். ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிடவில்லை. ஒரே தாய் இழந்த கர்ப்பத்தையும் பெற்றெடுத்த கர்ப்பத்தையும் ஒப்பிட்டார்கள். கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், இழப்பின் வாய்ப்பு 3 சதவீதம் கூடியது. மூன்றுதானா என்று சிரிக்காதீர்கள்! இந்தியா வகுத்த வரம்பு 40. அதையும் தாண்டிய மாசோடு தொடர்புடைய இழப்பு, இம்மூன்று நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் கருக்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. மூக்கில் போகும் புகை கருவரை எட்டுமா? பெல்ஜிய ஆய்வாளர்கள் 2019இல் நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்திலேயே கரித்துகளைக் கண்டுவிட்டார்கள்.

ஈயம் இதைவிடப் பொல்லாதது. எலும்புக்குள் பல்லாண்டு பதுங்கிக் கிடக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது கூடவே இரத்தத்தில் இறங்கும். இன்று ஊர் மாறினாலும், என்றோ ஏறிய ஈயம் அடுத்த கர்ப்பத்துக்கும் கூடவே வருகிறது. மெக்சிகோ நகரக் கர்ப்பிணிகளிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் கூடியபோது கருச்சிதைவின் வாய்ப்பு 1.8 மடங்கானது.

தொடக்கத்தில் கலையும் கருக்களில் பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதானே என்பார்கள். சரி, மீதிப் பாதி? திரும்பத் திரும்ப இழக்கும் பெண்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வுகள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்தை மாற்றி வீட்டுக்கு அனுப்பப்படும் பெண், அதே புகைக்குத்தானே திரும்பிப் போகிறாள்? உலக சுகாதார நிறுவனம் 2021இல் காற்று நுண்துகளுக்கான தன் வரம்பை 5ஆகக் குறைத்துவிட்டது. நாமோ 2009இல் போட்ட 40ஐயே கட்டிக்கொண்டு அழுகிறோம். அந்த வரம்பை இறக்குங்கள். ஈயத்துக்காகப் பழைய பேட்டரி உருக்கும் உலைகளைக் குடியிருப்பை விட்டு அகற்றுங்கள். இரண்டாம் முறை கருவை இழந்த பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் இரத்த ஈயப் பரிசோதனையை இலவசமாகச் செய்யுங்கள்.