துண்டுத் துணிப் போர்வை

தேவைக்காகத் தொடங்கிய தொழில், தேவை தீர்ந்ததும் மறைந்துவிடுதல் உலக இயல்பு. நெல்லுக் குற்றிய உலக்கையும் தானியம் அரைத்த திருகையும் ஆலைகள் வந்ததும் வீட்டு மூலையிற் சாய்ந்துவிட்டன. ஆனால், தேவை தீர்ந்த பின்னரும் மறையாது, பெரும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ள கைத்தொழில் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டார் 'குவில்ட்' என்று வழங்கும் போர்வையைத் தைத்தலே அது.

குவில்ட் என்பது மூன்று அடுக்குள்ள போர்வை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையே பஞ்சு. இம்மூன்றும் விலகாதபடி நெருக்கமாக நூலோட்டித் தைக்கப்படும். மேற்றுணி பெரும்பாலும் ஒரே துணியாக இராது. சதுரமும் முக்கோணமுமாக வெட்டிய பல நிறத் துண்டுகளைப் பொருத்தி, விண்மீன் போன்ற கோலங்களை அதில் அமைப்பர். குளிர் மிகுந்த நாட்டிலே, கிழிந்த சட்டையின் நல்ல பகுதியையும் வீணாக்காது சேர்த்து வைத்த குடியானவப் பெண்களின் சிக்கனம் இக்கலையை வளர்த்தது. 1930களில் பொருளாதார மந்தம் நாட்டை வருத்தியபொழுது, மாவும் கோழித் தீவனமும் அடைத்து வந்த துணிச் சாக்குகளையும் பெண்கள் வெட்டித் தைத்தனர். இதனை அறிந்த வணிகர், அச் சாக்குகளிலே பூவும் கொடியும் அச்சிட்டு விற்றனர்.

பின்னர், ஆலையில் நெய்த போர்வைகள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், போர்வை தைப்பது பாட்டிமாரின் பழைய வழக்கமெனப் பலராலும் ஒதுக்கப்பட்டது. அவ்வாறு ஒதுங்கிய தொழில் 1970களில் மீண்டும் தலையெடுத்தது ஏன்?

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் மூன்று. 1971இல் நியூயோர்க்கிலுள்ள விற்னி கலைக்கூடம், பழைய போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரிலே தொங்கவிட்டுக் காட்சிக்கு வைத்தது. கட்டிலிற் கிடந்த பொருள் கலைப்பொருளாக மதிக்கப்பட்டது. இது முதலாவது. 1976இல் அமெரிக்கா தன் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியபொழுது, முன்னோர் செய்த கைப்பணிகளில் மக்களுக்கு ஆர்வம் பிறந்தது. இது இரண்டாவது. 1979இல் யப்பானிய நிறுவனமொன்று, சக்கரம்போல் உருண்டு வெட்டும் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிய துண்டுகளை, பல மடிப்பாக அடுக்கி ஒரே இழுப்பில் நேராக வெட்டுவது அதனால் எளிதாயிற்று. இது மூன்றாவது.

இவை யாவும் உண்மையே. எனினும், கருவி எளிதானதால் மட்டும் ஒருவர் பல மாதம் குனிந்திருந்து தைப்பதில்லை. கடையில் வாங்கும் போர்வையினும் தானே தைக்கும் போர்வைக்குத் துணியும் பஞ்சும் நூலும் வாங்கும் செலவே இன்று அதிகமாகிவிடுவதுண்டு. ஆதலால், மூல காரணத்தை வேறிடத்திலே தேடுதல் வேண்டும்.

அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று புறமும் சூழ்ந்து நிற்கும் சிற்றூர் ஒன்று உண்டு. ஜீஸ் பெண்ட் என்பது அதன் பெயர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிவந்தோர் அங்கு வாழ்கின்றனர். வாக்குரிமைப் போராட்டம் எழுந்த காலத்தில், 1962இல், அவர்கள் அக்கரையிலுள்ள நகருக்குச் செல்லும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. அது மீண்டும் தொடங்கியது 2006இலேயே. இத்தகைய ஊரிலே மிசூரி பெற்வே என்ற பெண்மணி, 1942இல் தம் கணவர் இறந்தபொழுது, அவர் வயலில் உடுத்துழைத்த உடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். கணவரின் நினைவோடு அதைப் போர்த்திக்கொள்ளவே அவர் அதனைத் தைத்தார் என்று, உடனிருந்து உதவிய மகள் பின்னாளில் கூறியுள்ளார். வெயிலிலும் வியர்வையிலும் நிறம் மங்கிய அத்துணிகளுக்குச் சந்தையில் விலை ஏது? அந்த வீட்டிலோ அவற்றுக்கு ஈடான பொருள் வேறில்லை. அவ்வூர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் ஹியூஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டன; 2006இல் பத்து அஞ்சல் முத்திரைகளிலும் இடம்பெற்றன.

துயரிலே பிறக்கும் இவ்வகைத் தையல் ஒரு வீட்டோடு நிற்கவில்லை. எய்ட்ஸ் நோயால் இறந்தோரின் பெயரைச் சொல்லவும் பலர் தயங்கிய காலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரில் கிளீவ் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப் பலகம் தைக்கும் பணி தொடங்கியது. பலகத்தின் அளவு ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு. 1987 ஒக்ரோபர் 11ஆம் நாள், வாஷிங்டன் நகரின் பெருந் திடலில் 1,920 பலகங்கள் விரிக்கப்பட்டன. ஊசி பிடித்தறியாத தந்தையரும் நண்பரும் அவற்றைத் தைத்தோரில் இருந்தனர். அழகாகத் தைக்க வேண்டுமென்பது அவர்கள் நோக்கமன்று. இறந்தவரின் பெயர் மறைந்துவிடக் கூடாதென்பதே அவர்கள் நோக்கம்.

இப்பொழுதுபோக்குக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. போர்வையைச் சட்டத்திலே இழுத்துக் கட்டி, பெண்கள் பலர் சுற்றியிருந்து பேசிக்கொண்டே தைப்பது பழைய வழக்கம். இன்றும் ஊர்தோறும் தையற் சங்கங்கள் அவ்வாறே கூடுகின்றன. பிள்ளைகள் வேறிடம் சென்றபின் தனித்திருக்கும் முதியவருக்கும், அலுவலகத்தில் நாள் முழுதும் உழைத்தும் முடிந்த பொருளொன்றைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாத இளையவருக்கும் அந்த இடம் ஆறுதலளிக்கிறது. அங்கு தைத்தவற்றுள் பல, தைத்தவரிடம் தங்குவதில்லை. பிறக்கவிருக்கும் பேரப் பிள்ளைக்கோ, மணமாகும் பெண்ணுக்கோ, மருத்துவமனையிலுள்ள முன்பின் அறியாத குழந்தைக்கோ அவை சென்று சேர்கின்றன.

வங்காளத்திலும் பழஞ்சேலைகளை அடுக்கி நூலோட்டித் தைத்த போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். தமிழிலே கந்தை என்று வழங்கும் சொல்லும் அதே வடமொழிச் சொல்லின் வழி வந்ததே. அங்கே சொல் போர்வைக்குப் பெயராயிற்று. இங்கே கிழிந்த துணிக்குப் பெயராக நின்றது. கிழிந்த துணிக்கும் போர்வைக்கும் இடையிலுள்ளது ஒருவரின் உழைப்பும், அவர் மற்றொருவர் மீது கொண்ட நினைவுமேயாகும். குளிர் காக்கக் கம்பளியைக் கடையிலே வாங்கிவிடலாம். தனக்காக ஒருவர் பல இரவுகள் விழித்திருந்தார் என்ற அறிவைக் கடையிலே வாங்குதல் இயலாது. ஊசியும் நூலும் இன்றும் இத்தனை பேர் கைகளில் இருப்பதற்குக் காரணம் இதுவே எனலாம்.