கண்ணுக்குத் தெரியாததை அளந்த பெண்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் 1921ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில் நம் ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிந்த ஆண்டு அது. அதே ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில்தான் நியூயோர்க்கில் ரொசலின் யலோ பிறந்தார்.

யலோவுக்குப் பௌதிகவியலில் ஆசை. பெண்ணுக்கு அதில் இடம் கிடைக்காது என்ற காலம். சுருக்கெழுத்துப் படித்துச் செயலாளராக வேலைக்குப் போனார். 1941இல் இலினோய் பல்கலைக்கழகம் அழைத்ததும் சுருக்கெழுத்துப் புத்தகங்களைக் கிழித்துப் போட்டார். அங்கே பொறியியல் பீடத்தின் 400 பேரில் அவர் ஒருவரே பெண்.

பிறகு நியூயோர்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொலமன் பேர்சனுடன் சேர்ந்து ஆராய்ந்தார். இன்சுலின் ஊசி போடுபவரின் உடல், அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாக்குவதைக் கண்டார்கள். இவ்வளவு சிறிய புரதத்துக்கா என்று விஞ்ஞானிகள் நம்பவில்லை. தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்த பிறகே 1956இல் கட்டுரை அச்சேறியது.

அந்தப் பிறபொருளெதிரியையே அவர்கள் அளவுகோலாக்கினார்கள். பதுளை ரயில் பெட்டியில் 20 இருக்கைகள் என்று வையுங்கள். சிவப்புத் தொப்பி போட்ட 20 பேரும், எத்தனை பேர் என்று தெரியாத மற்றவர்களும் ஒன்றாக ஏறுகிறார்கள். உட்கார்ந்திருக்கும் சிவப்புத் தொப்பிகளை எண்ணினால், மற்றவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிடலாம். இருக்கை, கினிப்பன்றியிலிருந்து எடுத்த பிறபொருளெதிரி. சிவப்புத் தொப்பி, கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீன் சேர்த்த இன்சுலின். மற்றவர்கள், நோயாளியின் இரத்தத்திலுள்ள இன்சுலின்.

இப்படி அளந்தபோது ஓர் உண்மை வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் சீனி வியாதியில், பலருடைய இரத்தத்தில் இன்சுலின் குறையவேயில்லை. உடல்தான் அதற்குச் சரியாக இணங்கவில்லை. 1977இல் யலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார். இந்த முறைக்கு இருவரும் காப்புரிமை கேட்கவில்லை. எந்த நாட்டு ஆய்வுகூடமும் அதைப் பயன்படுத்தலாம் என்றானது.

இன்று கதிர்த்தொழிற்பாடு இல்லாமலே பிறபொருளெதிரிகளைக் கொண்டு அளக்கிறோம். உடல் சக்தியைச் செலவிடும் வேகத்தைத் தைரொயிட் சுரப்பி கவனிக்கிறது. அதற்குக் கட்டளையிடும் டீ.எஸ்.எச். என்ற புரதத்தை அப்படித்தான் அளக்கிறோம். எந்நேரமும் களைப்பு, உடம்பு ஊதுகிறது, குளிர் தாங்கவில்லை என்று வரும் பெண்ணைச் சோம்பேறி என்று வீட்டிலும் மலையிலும் ஏசியிருப்பார்கள். சோதித்தால் சிலருக்குத் தைரொயிட் குறைபாடு தெரியவரும். தினம் ஒரு மாத்திரையில் அவர்கள் தேறிவிடுகிறார்கள்.

ஆனால் இரத்தம் சோதிக்கச் சொன்னால், "ஒரு நாள் பேர் போயிடுமே, டொக்டர்" என்கிறார்கள் கொழுந்து எடுக்கும் தாய்மார். இன்சுலின் எழுதிக் கொடுத்தால், "அதைப் போட்டா கடைசிதானே" என்று அழுகிறார்கள். அது கடைசி அல்ல. காலம் தாழ்த்துவதால்தான் கண்ணும் காலும் சிறுநீரகமும் போகின்றன.

தங்கைமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவின், அம்மாச்சியின் கிளினிக் கொப்பியை எடுத்து வாசியுங்கள். அடுத்த திகதி எப்போது என்று பாருங்கள். முடிந்தால் கூடவே போங்கள். உயிரியலோ பௌதிகவியலோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு, "உனக்கு இதெல்லாம் சரிவராது" என்று யாராவது சொன்னால், யலோ கிழித்த புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.