முகிலுக்கு உடையவர் யார்?

வெள்ளவத்தையில் மாலையில் விளக்கேற்றுவோரும் கொட்டாஞ்சேனையில் குழாயைத் திறப்போரும் மலைநாட்டு மழைக்குக் கடன்பட்டவர்கள். மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களில் தேங்கும் அந்நீரே மின் நிலையங்களை இயக்கிக் களனி கங்கையாய்க் கொழும்பை வந்தடைகின்றது.

2019 மார்ச்சு மாதம், வரட்சியால் நீர்மட்டம் தாழ்ந்த வேளை, தாய்லாந்தின் தொழில்நுட்ப உதவியுடன் விமானப்படை விமானமொன்று மவுசாகலைக்கு மேலே முகில்களில் இரசாயனப் பொருளைத் தூவிற்று. மழை பெய்தது. தூவாவிடினும் பெய்திருக்குமோ என்பதை எவர் அறுதியிட்டுரைப்பார்? ஒரே முகிலை இருமுறை சோதிக்க வழியில்லையே!

இது சிறு முயற்சி. இன்று விஞ்ஞானிகள் சிலர் ஆராய்வதோ உலகக் குடை. 1991 இல் பிலிப்பைன்சின் பினற்றுபோ எரிமலை கக்கிய கந்தகப் புகை, ஞாயிற்றொளியை மறித்துப் பூமியை ஏறத்தாழ அரைப்பாகை குளிர்வித்தது. அதனை விமானங்களாற் செய்தாலென்ன என்கின்றனர். வெப்பம் தணியலாம். எனினும் நிலமும் கடலும் வேறுபட்டுச் சூடேறுவதாலன்றோ பருவக்காற்று வீசுகின்றது? அவ்வேறுபாடு தளர்ந்தால் நம் மழை என்னாகும்? தொடங்கியதை இடையில் நிறுத்தினாலோ, அடக்கிவைத்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே பாய்ந்தேறும்.

வானிலையைப் போர்க்கருவியாக்குவதை 1978 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை தடுக்கின்றது. நன்னோக்கம் கூறிச் செய்வதை அது தடுப்பதில்லை. 2024 இல் நைரோபியிற் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றாடற் பேரவையும் இதுபற்றி உடன்பாடு காணாது கலைந்தது. மவுசாகலை முகிலுக்கு அனுமதியளிக்க இந்நாட்டு அரசாங்கமொன்று இருந்தது. களனிக்கரைக் குடியானவன் அதனிடம் முறையிடலாம். பிறநாட்டார் விரித்த குடையால் அவன் வயல் வரண்டால், எந்த வாயிலிற் போய் நிற்பான்?